கைகலப்பில் ஆட்டம் தடம் புரள்கிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

பலகையில் சில்லுகளை நகர்த்தி ஆடும் மேசைப் போர் விளையாட்டுகளில் நகர்வும் துப்பாக்கிச் சூடும் பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கும். தாக்கும் குழு கைகலப்புக்காக எதிரியின் கட்டத்துக்குள் நுழையும் நேரத்தில்தான் சண்டை மேசைக்கு வெளியே வருகிறது. ஒருவர் பகடையைத் திட்டுவார், ஒருவர் விதிப்புத்தகத்தைப் புரட்டுவார், ஒருவர் தேநீர் போடப் போய்விடுவார். குன்னூரில் ஐப்பசி, கார்த்திகை மழை பிடித்துக்கொண்டால் வெளியே போக வழியில்லை. எங்கள் மேசையில் இந்த ஆட்டங்கள் அதிகம் ஓடுவது அந்த மாதங்களில்தான். அங்கே திரும்பத் திரும்பக் கேட்ட புகார்களையும் அவற்றுக்குப் பலன் தந்த மருந்துகளையும் இங்கே தருகிறேன். சொந்தமாக விதி எழுதுபவர்களுக்கும், வாங்கிய ஆட்டத்தில் வீட்டு விதி சேர்ப்பவர்களுக்கும் இது பயன்படும்.

பெரும்பாலான கோளாறுகளுக்குக் காரணம் பகடையின் குணம் அல்ல. அது ஆட்டத்தின் எந்த நிலையில் உருட்டப்படுகிறது, அந்த ஒரு உருட்டலின் தலையில் எவ்வளவு சுமை ஏற்றியிருக்கிறோம் என்பதே காரணம். அதனால் அறிகுறி எதுவானாலும் முதல் வேலை ஒன்றுதான். மொத்த ஆட்டத்தையும் மறுபடி ஆடாதீர்கள். தகராறு வந்த அந்தத் தாக்குதலை மட்டும் தனியே எடுத்து, படைக்குழுக்களைக் குறிக்கும் அதே சில்லுகளை அதே கட்டங்களில் வைத்துப் பத்துப் பதினைந்து முறை நடத்துங்கள். யார் எப்போது முடிவெடுத்தார், எப்போது உருட்டினார், முடிவில் எத்தனை சில்லுகள் பலகையில் மிஞ்சின என்று தாளில் குறியுங்கள். கோளாறு பாதி அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும்.

உதாரணங்களுக்கு எங்கள் வரைபடத்தையே எடுத்துக்கொள்கிறேன். கற்பனையான ஒரு தேயிலைச் சரிவு. கீழே சாலை, நடுவே தேயிலை வரிசைகள், மேலே கல்சுவர், அதற்கும் மேலே சோலை. கைகலப்பு விதி எளியது: இரு தரப்பும் இரண்டு பகடை உருட்டி, தத்தம் பலத்தைக் கூட்டவேண்டும். அதிகம் வந்தவர் வென்றார்.

"ஒரே உருட்டலில் என் ஆட்டமே போய்விட்டது"

மிகப் பரவலான புகார் இது. தாக்குபவரின் பலம் 3 கூடுதல். சாலையிலிருந்து சுவர்வரை பொறுமையாகக் குழுக்களை ஏற்றிக் கொண்டுவந்திருக்கிறார். உருட்டுகிறார், தோற்கிறார், கட்டத்தில் இருந்த எல்லாச் சில்லுகளும் பெட்டிக்குப் போகின்றன.

முதலில் கணக்கைப் பாருங்கள். இரு தரப்பும் இரண்டிரண்டு பகடை உருட்டும்போது, சம பலம் இருந்தால் ஒருவர் வெல்லும் வாய்ப்பு நூற்றுக்கு 44. சமனாக முடிவது 11. பலம் 1 கூடினால் வெல்லும் வாய்ப்பு 56 ஆகிறது. 2 கூடினால் 66, 3 கூடினால் 76, 4 கூடினால் 84. இது நல்ல ஏறுவரிசை. ஒவ்வொரு கூடுதல் புள்ளிக்கும் மதிப்பு இருக்கிறது, எந்தப் புள்ளியும் வெற்றியை உறுதி செய்துவிடுவதில்லை. ஆக, பகடையில் குற்றம் இல்லை. நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு என்றால் நான்கில் ஒரு முறை வெற்றி கைநழுவத்தான் செய்யும்.

குற்றம் முடிவில் இருக்கிறது. ஒரு புள்ளியில் தோற்றவனுக்கும் எட்டுப் புள்ளியில் தோற்றவனுக்கும் ஒரே தண்டனை. எங்கள் மேசைக்கு வரும் ஓய்வுபெற்ற ராணுவ சுபேதார் ஒருவர் இந்த விதியை முதன்முதலில் கேட்டபோது நேராகவே கேட்டார்: "தம்பி, தோற்ற குழு முழுவதும் செத்தா போனது? பாதிப் பேர் பள்ளத்தில் படுத்திருப்பார்கள். மீதிப் பேர் வந்த வழியே ஓடியிருப்பார்கள். அவர்களை எங்கே வைத்தீர்கள்?" அந்தக் கேள்விதான் மருந்து.

முடிவை வித்தியாசத்தின் அளவுக்கேற்பப் பிரியுங்கள். 1 அல்லது 2 புள்ளியில் தோற்றால், தோற்றவர் ஒரு கட்டம் பின்வாங்கிக் குலைந்த நிலைக்கு, அதாவது ஒழுங்கிழந்து மீட்கப்பட வேண்டிய நிலைக்கு, போகட்டும். 3 அல்லது 4 என்றால் பின்வாங்குவதோடு ஒரு குழுவை இழக்கட்டும். 5 அல்லது அதற்கு மேல் என்றால் மட்டுமே முழு அழிவு. இப்போது அதே 3 புள்ளிக் கூடுதலை மறுபடி கணக்கிடுங்கள். தாக்குபவர் எதிரியை முழுதாக அழிக்கும் வாய்ப்பு சுமார் 34. ஒரு குழுவை வீழ்த்தித் துரத்துவது 22. வெறுமனே துரத்துவது 20. சமன் 8. அவர் பின்வாங்க நேர்வது 10 அல்லது 11, ஒரு குழுவை இழப்பது 4. அவருடைய எல்லாச் சில்லுகளும் பெட்டிக்குப் போவது 1 சொச்சம். பழைய விதியில் அந்தக் கடைசி எண் 16. வெல்லும் வாய்ப்பு அன்றும் இன்றும் அதே 76தான், ஒரு பகடை முகத்தைக்கூட நாம் மாற்றவில்லை. ஆனால் தோற்றவர் கையில் அடுத்த முறைக்கு ஏதோ மிஞ்சுகிறது. குலைந்த குழுவைத் தேயிலை வரிசைக்குள் ஒளித்து மீட்பதா, அங்கேயே விட்டுவிட்டு இடப்பக்கம் சுற்றுவதா என்று யோசிக்கத் தொடங்குகிறார். தகராறும் ஓய்கிறது.

பின்வாங்கக் கட்டம் இல்லையென்றால் என்ன செய்வது என்பதையும் அப்போதே எழுதி வையுங்கள். முதுகுக்குப் பின்னால் செங்குத்துப் பாறை உள்ள குழு சரணடைகிறது என்பது எங்கள் விதி. இதனால் சுற்றி வளைப்பதற்கு ஒரு தனி மதிப்புக் கிடைக்கிறது.

"தாக்குவதற்கே யாரும் துணிவதில்லை"

இரு தரப்பும் சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் உட்கார்ந்துகொண்டு ஆட்டம் முடியும்வரை சுட்டுக்கொண்டே இருக்கிறார்கள். காரணம் பெரும்பாலும் வாசல்களின் எண்ணிக்கை.

பல ஆட்டங்களில் கைகலப்பு நடக்க மூன்று தேர்வுகளில் தேற வேண்டும். முன்னேற மனவுறுதிச் சோதனை, நுழையும்போது தற்காப்புச் சூட்டைத் தாங்கும் சோதனை, பிறகு கைகலப்பு. தனித்தனியே பார்த்தால் எதுவும் கடுமையாகத் தெரியாது. இரண்டு பகடையில் 6 அல்லது அதற்கு மேல் வந்தால் முன்னேறலாம் என்றால் வாய்ப்பு 72. சூட்டைத் தாங்கவும் அதே 72. கைகலப்பில் 7 அல்லது மேலே என்றால் 58. மூன்றையும் பெருக்குங்கள்: நூற்றுக்கு 30. விதி எழுதியவர் ஒவ்வொரு வாசலையும் தாராளமாகத்தான் வைத்திருக்கிறார். மூன்றையும் அடுத்தடுத்து நிறுத்தியதால் பாதை அடைபட்டுவிட்டது. ஆடுபவர்கள் பெருக்கிப் பார்ப்பதில்லை, ஆனால் சில ஆட்டங்களில் மனம் அதைக் கண்டுகொள்கிறது. பிறகு யாரும் எழுந்து ஓடுவதில்லை.

ஒரு வாசலை எடுத்துவிடுங்கள். நான் எடுப்பது முதலாவதை. முன்னேறும் துணிவைச் சோதிப்பதற்குப் பதில் அதற்கு ஒரு விலை வையுங்கள்: தாக்கப் போகும் குழு அந்த முறை சுட முடியாது என்பது போல. பகடை தடுத்தால் எரிச்சல் வருகிறது. விலை கேட்டால் முடிவு ஆடுபவரிடமே இருக்கிறது. அடுத்து, இரண்டாம் வாசலின் உயரத்தை ஆடுபவரே குறைக்க வழி கொடுங்கள். எதிரிக் குழுவை முன்கூட்டியே சுட்டுப் பதுங்க வைத்திருந்தால் அதற்குத் தற்காப்புச் சூடு கிடையாது, புகை போட்டிருந்தால் அந்தச் சோதனைக்கு வேண்டிய எண்ணில் 2 கழியும் என்று வையுங்கள். அப்போது முன்னேறுவதற்கு முன்னால் ஒரு திட்டம் தேவைப்படுகிறது. நல்ல தாக்குதல் ஆட்டத்தின் சுவை அங்கேதான் இருக்கிறது.

இதே அறிகுறிக்கு இன்னொரு மறைவான காரணம் உண்டு: நிலத்தின் சலுகையை இரண்டு முறை எண்ணுவது. கல்சுவர் சூட்டுக்கு எதிராக 2 தருகிறது, சரி. தாக்குபவர் சுவரைத் தாண்டி உள்ளே வந்த பிறகும் அதே 2 கைகலப்பில் சேர்கிறதா என்று பாருங்கள். உள்ளே வந்துவிட்டவனுக்கும் அது பக்கத்தில் இருக்கும் ஒரு கல்தான். சரிவில் மேலே நிற்பவனுக்கு 1 தருவதில் எனக்கு மறுப்பில்லை. ஈரமண்ணில் ஏறி மூச்சிரைக்க வந்து சேர்பவனுக்கும் நின்று காத்திருப்பவனுக்கும் அந்த வித்தியாசம் இருக்கவே செய்யும்.

"ஆளைக் குவித்தவனே வெல்கிறான்"

முந்தையதற்கு நேர் எதிர். ஐந்து குழுக்களை ஒரே கட்டத்தில் அடுக்கி உள்ளே தள்ளினால் பலம் 10 கூடிவிடுகிறது, பகடைக்கு வேலையே இல்லை.

முதல் உலகப் போர்க் காலத்தில் இங்கிலாந்துப் பொறியாளர் ஃப்ரெடரிக் லாஞ்செஸ்டர் இதை ஒரு கணக்காக எழுதினார். தூரத்திலிருந்து எல்லோரும் எல்லோரையும் குறிபார்த்துச் சுட முடிந்தால், படையின் வலிமை எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போல ஏறும்: இரண்டு மடங்கு ஆட்கள், நான்கு மடங்கு வலிமை. ஒருவரோடு ஒருவர் கைகலக்கும்போது வலிமை எண்ணிக்கையின் அளவில்தான் ஏறும்: இரண்டு மடங்கு ஆட்கள், இரண்டு மடங்கு வலிமை. எத்தனை பேர் பின்னால் நின்றாலும் முன்வரிசையில் நிற்பவர்தானே மோத முடியும்? ஆனால் பல விதிகளில் சூட்டுப் பலத்தையே அப்படியே தூக்கிக் கைகலப்பிலும் கூட்டுகிறார்கள். தூரத்துக்குரிய எண் நெருக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. கவாத்து செய்த செடிகள் இடுப்பளவுக்குப் பலகை போலப் பரந்திருக்கும். வரிசைகளுக்கு இடையே ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். அந்தக் கட்டத்தில் ஐந்து குழுக்கள் தோளோடு தோள் நின்று மோதுவதாக விதி சொன்னால் அந்த விதி தோட்டத்தைப் பார்க்கவில்லை.

மருந்து: ஒரு தரப்புக்கு இரண்டு குழுக்களின் பலம் மட்டுமே முழுதாகக் கூடட்டும். மூன்றாவது முதல் ஒவ்வொன்றுக்கும் 1. பின்னால் நிற்பவை வீணாகாது. இழப்பு வந்தால் அவற்றிலிருந்து கழிக்கலாம், வென்றபின் கட்டத்தைப் பிடித்துவைக்க உதவும். திறந்த சாலையில் மூன்று, தேயிலைக்குள் இரண்டு, படிக்கட்டில் ஒன்று என்று நிலத்துக்கு நிலம் மாற்றினால் இன்னும் நல்லது.

"ஒரு புள்ளி குறைந்ததால் எல்லாம் போயிற்று"

விகித அட்டவணை வைத்து ஆடும் ஆட்டங்களின் நோய். 1954இல் அமெரிக்கர் சார்லஸ் ராபர்ட்ஸ் வெளியிட்ட 'டாக்டிக்ஸ்' ஆட்டத்திலிருந்து இந்த முறை பரவியது. இரு பலங்களையும் வகுத்து, 2க்கு 1, 3க்கு 1 என்று பத்தி பார்த்து, ஒரு பகடை உருட்டுவது. மீதியைத் தள்ளிவிடுவது வழக்கம். 18க்கு 6 என்றால் மூன்றாம் பத்தி. 17க்கு 6 என்றால் இரண்டாம் பத்தி. எனவே எல்லோரும் அந்த ஒரு புள்ளியைத் தேடிப் பலகை முழுக்கச் சில்லுகளை நகர்த்திக் கூட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

வகுத்தலை விட்டுக் கழித்தலுக்கு மாறுங்கள். மாற மனமில்லையென்றால் மீதிக்கும் ஒரு வாய்ப்புக் கொடுங்கள். 17ஐ 6ஆல் வகுத்தால் 2, மீதி 5. ஒரு பகடை உருட்டி 5 அல்லது அதற்குக் கீழே வந்தால் மேல் பத்திக்குப் போகலாம். செங்குத்துப் படி சாய்தளம் ஆகிவிடும்.

"பகடைக்கு என்மேல் வஞ்சம்"

இந்தப் புகாரைச் சிரித்து ஒதுக்காதீர்கள். இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, உண்மையிலேயே கருவி கெட்டிருக்கலாம். எங்கள் மலையில் இது சாதாரணம். மழைக்காலத்தில் ஆட்டத்தில் எடுக்கும் அட்டைகள் ஈரம் குடித்து வில்போல வளையும். கட்டின் விளிம்பைக் கட்டைவிரலால் தள்ளிப் பாருங்கள். ஒவ்வொன்றாகச் சரியாமல் நாலைந்து அட்டைகள் ஒரே துண்டாக நகரும். அந்தக் கட்டை எத்தனை முறை கலைத்தாலும் போன ஆட்டத்தின் வரிசை கொத்துக் கொத்தாக அப்படியே நிற்கும். மோசமான அட்டைகள் சேர்ந்தே வருவதில் வியப்பே இல்லை. மேசைமேல் எல்லாவற்றையும் முகம் கவிழ்த்துப் பரப்பி, இரு உள்ளங்கைகளாலும் நன்றாகக் கிளறிவிட்டுச் சேருங்கள். மூடி இறுக்கமான தகரப் பெட்டியில், மருந்துப் புட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களோடு வையுங்கள். பகடையையும் கம்பளி விரிப்பின்மேல் உருட்ட வேண்டாம். உருளாமல் பொத்தென்று உட்காரும். ஒரு மரத்தட்டு போதும்.

மற்றொன்று, கருவி நன்றாக இருந்தும் வரும் தொடர்ச்சி. இரண்டு பகடையில் 4 அல்லது அதற்குக் கீழே வருவது ஆறில் ஒரு வாய்ப்பு. அடுத்தடுத்து இரு முறை வருவது 36இல் ஒன்று. நாற்பது, ஐம்பது உருட்டல்கள் உள்ள ஒரு மாலையில் அப்படி ஒரு தடவை நேர்வது எதிர்பார்க்க வேண்டியதே. முக்கியமான இரு தாக்குதல்களில் அது விழுந்தால் மனம் நொந்துபோகும். இதைக் குறைக்க இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, 36 சீட்டுகள். 2 ஒன்று, 3 இரண்டு, 4 மூன்று என ஏறி 7 ஆறு சீட்டுகளாகி, பிறகு இறங்கி 12 ஒன்றில் முடியட்டும். இரண்டு பகடையின் எல்லாச் சேர்க்கையும் அதற்குள் அடங்கிவிடும். எடுத்த சீட்டைத் திரும்பப் போடாதீர்கள். மோசமான சீட்டுகள் முன்னால் வந்துவிட்டால் நல்லவை பின்னால் காத்திருக்கின்றன. கடைசி ஏழெட்டுச் சீட்டுகளை எண்ணிவைத்து ஆடுபவர்கள் வருவார்கள். அதற்கு, "கலை" என்று எழுதிய ஒரு சீட்டையும் உள்ளே சேருங்கள். அது வந்தால் உடனே எல்லாவற்றையும் சேர்த்துக் கலைத்துவிட வேண்டும்.

இரண்டாம் வழி எனக்கு மிகவும் பிடித்தது: தாயக்கட்டை. பித்தளைக் கட்டை இரண்டு, ஒவ்வொன்றிலும் 0, 1, 2, 3. கூட்டினால் 0 முதல் 6 வரை. மொத்தம் 16 சேர்க்கைகளில் 3 நான்கு முறை வரும், 0 ஒரு முறை, 6 ஒரு முறை. பகடையைவிடச் சிதறல் குறைவு. கைகலப்பில் இரு தரப்பும் தாயக்கட்டை உருட்டினால், 3 புள்ளிக் கூடுதல் உள்ளவர் வெல்லும் வாய்ப்பு 76இலிருந்து 86 ஆகிறது. 4 கூடுதல் என்றால் 94. திட்டமிட்டவருக்குப் பலன் தரும், ஆனால் முழு உறுதி தராது. சம பலத்தில் சமன் வருவது நூற்றுக்கு 17 ஆக உயரும், அதை நினைவில் வையுங்கள். இரண்டும் வெற்றாக விழுந்தால் தாயத்தில் 12. இங்கே அதை 0 என்றே எண்ண வேண்டும். தற்காப்பவருக்கு மட்டும் 12 என்று விட்டுக்கொடுத்தால் பதினாறில் ஒரு முறை ஒற்றைக் குழு பெரும்படையை நிறுத்திவிடும். பழம்பெரும் போர்க்கதைகளின் மணம் வேண்டுபவர்கள் அதையும் ஆடிப் பார்க்கலாம்.

"பகடையை எடுத்துவிட்டோம், இப்போது சுவை இல்லை"

கோபத்தில் எல்லா உருட்டலையும் நீக்கிவிட்டவர்களின் புகார். ஆடுபுலி ஆட்டத்தில் பகடை இல்லையே, அது மட்டும் எப்படிச் சுவைக்கிறது என்று கேட்பார்கள். அங்கே மூன்று புலி, பதினைந்து ஆடு, ஒரு முறைக்கு ஒரு நகர்வு. கணக்குப் போட்டு முடிக்க இயலாத அளவுக்கு அந்தச் சிறு நகர்வுகளே பின்னிக்கொள்கின்றன. கைகலப்பில் அப்படி இல்லை. பலம் தெரியும், முடிவு தெரியும், கூட்டிக் கழித்தால் தீர்ந்தது.

இங்கே வேண்டியது முடிவெடுப்பதற்கு முன்னால் வரும் நிச்சயமின்மை. 1824இல் பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டில் பகடை இருந்தது. ஆனால் இரு தரப்பும் எதிராளியின் படையை முழுதாகப் பார்க்க முடியாது. நடுவர் ஒருவர்தான் எல்லாம் அறிந்தவர். அந்த வழியைச் சிறிய அளவில் செய்யலாம். தற்காப்பவரின் சில்லுகளைக் கவிழ்த்து வையுங்கள், இடையிடையே வெற்றுச் சில்லுகளைக் கலந்துவிடுங்கள். சுவருக்குப் பின்னால் இருப்பது எந்திரத் துப்பாக்கிக் குழுவா வெறும் தாளா என்று தெரியாமல் ஏறவேண்டும். உள்ளே போனபின் பகடையே உருட்டாவிட்டாலும் தொண்டை காய்ந்துவிடும். வேவு பார்க்க ஒரு குழுவை முன்னால் அனுப்பும் பழக்கமும் தானாகவே வரும்.

"எப்போதும் ஒரு பக்கமே வெல்கிறது"

உண்மையிலேயே எப்போதுமா என்று முதலில் எண்ணுங்கள். முற்றிலும் சமமான ஆட்டத்தை 20 முறை ஆடினாலும், ஏதோ ஒரு பக்கம் 13 அல்லது அதற்கு மேல் வெல்வது நான்கில் ஒரு வாய்ப்புக்குச் சற்று அதிகம். ஆகவே 13க்கு 7 என்பதை வைத்து விதியைத் திருத்தாதீர்கள். 15க்கு 5 என்றால் யோசிக்கலாம்.

சாய்வு உறுதியானால் கைகலப்பு எண்களைத் தொடவேண்டாம். அங்கே கைவைத்தால் மற்ற எல்லாக் களங்களும் சேர்ந்து ஆடிப்போகும். நேரத்தைத் தொடுங்கள்: தாக்குபவர் ஆடும் முறைகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் கூட்டுங்கள் அல்லது குறையுங்கள். எத்தனை முறைக்குள் சுவரைப் பிடிப்பேன் என்று இருவரும் தாளில் எழுதி, குறைவாக எழுதியவர் தாக்கட்டும் என்றால் சமநிலையை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

"ஒவ்வொருவரும் ஒரு விதி சொல்கிறார்கள்"

திருத்தியதை எழுதிச் சுவரில் ஒட்டுங்கள், தேதியோடு. ஸ்னூக்கர் விதிகள் 1880களில் எழுத்தில் வந்ததே பக்கத்து ஊரான ஊட்டியின் கிளப்பில்தான்.

"கைகலப்பு முடியவே மாட்டேன் என்கிறது"

சமன் வந்தால் என்ன என்று விதி சொல்லாததால் வருவது. இரு தரப்பும் அழியட்டும் என்ற விதி கொடூரமானது; அதுவும் தாயக்கட்டையோடு சேர்ந்தால் பலகையே காலியாகும். இரு தரப்பும் அதே கட்டத்தில் பூட்டிக்கொண்டு நிற்கட்டும், அடுத்த முறை மறுபடி உருட்டட்டும். அதற்குள் இருவரும் தலா ஒரு குழுவை உதவிக்கு அனுப்பலாம். வெளியேற விரும்புபவர் ஒரு குழுவை இழந்து வெளியேறலாம். மூன்றாவது முறையும் சமன் வந்தால் தாக்கியவர் திரும்பிப் போகவேண்டும், இடம் தற்காப்பவருக்கு.